மனந்திரும்புதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து வெளியே வரும்போதும், வேதபாட வகுப்பிலும், வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் பாவத்தைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் சீர்திருத்த (புரொட்டஸ்டன்ட்) சபை மரபில் நின்று எழுதப்பட்டவை. கத்தோலிக்க மரபு வேறுபடும் முக்கியமான இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன். வசனங்கள் வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலிலிருந்து.

மனந்திரும்புதல் என்று வேதம் எதைச் சொல்கிறது?

இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது பிரசங்கித்த செய்தி இது: "காலம் நிறைவேறிற்று, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று, மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்" (மாற்கு 1:15). திரும்புவதும் விசுவாசிப்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. பாவத்துக்கு முதுகைக் காட்டுகிறவன் கிறிஸ்துவுக்கு முகத்தைக் காட்டுகிறான். முகம் அவர் பக்கம் திரும்பாவிட்டால், கெட்ட பழக்கங்களை விட்ட பெருமை மட்டும்தான் மிஞ்சும்.

யோவான் ஸ்நானகன் இதை இன்னும் கறாராகச் சொன்னார். யோர்தான் கரைக்கு வந்தவர்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார்கள். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்றார். வரி வசூலிக்கும் ஆயக்காரர்களிடம், கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகர்களிடம், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமல், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமல், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார் (லூக்கா 3:10-14). துணி அலமாரி, வசூல் பணம், சம்பளம் - அவர் கை வைத்த இடங்கள் இவை. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல விரும்புவதும் இதையே. மனந்திரும்புதல் ஜெப அறையில் தொடங்கும். ஆனால், நாம் யாருக்கு அநியாயம் செய்தோமோ அவர் வீட்டு வாசல் வரைக்கும் அது நடந்துபோயாக வேண்டும்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். குழந்தையிலேயே ஞானஸ்நானம், பிறகு திடப்படுத்தல், எல்லாம் முறையாக நடந்தது. எனக்கும் மனந்திரும்புதல் வேண்டுமா?

வேண்டும். கிறிஸ்தவர்களுக்குத்தான் முதலில் வேண்டும் என்றுகூடச் சொல்வேன். 1517-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 வாசகங்களில் முதலாவது இதைப் பற்றியதுதான். "மனந்திரும்புங்கள்" என்று ஆண்டவர் சொன்னபோது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்று விரும்பினார் என அது சொல்கிறது. பாவமன்னிப்புச் சீட்டு பணத்துக்கு விற்கப்பட்ட காலம் அது. சீட்டு வாங்கியவன் கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். லூத்தரோ, கணக்கு முடிகிற காரியம் அல்ல இது என்றார். 1529-இல் அவர் எழுதிய சிறு ஞானோபதேசத்தில், நமக்குள் இருக்கும் பழைய ஆதாம், அதாவது பாவ சுபாவம், தினந்தோறும் பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாபத்தினால் அமிழ்ந்து சாகவேண்டும், புதிய மனுஷன் தினந்தோறும் எழும்பவேண்டும் என்று ஞானஸ்நானத்துக்கு விளக்கம் கொடுத்தார். 1706-இல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது கொண்டுவந்ததும் இந்தப் போதனையைத்தான். ஆகவே குழந்தை ஞானஸ்நானம் பெற்றவர் அதை ஒரு சான்றிதழாக வைத்துக்கொண்டு ஓய்ந்திருக்க முடியாது.

"என்றைக்கு இரட்சிக்கப்பட்டாய்?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை.

தேதி தெரிந்தவர்களும் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. பவுல் தமஸ்கு வழியில் மனந்திரும்பியது நடுப்பகல் வெளிச்சத்தில். தீமோத்தேயுவோ பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தில் வளர்ந்தவன். அவனுக்கு ஒரு தேதி இருந்ததாக வேதம் சொல்லவில்லை.

தேதி தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஆங்கிலேயக் கப்பலோட்டி ஜான் நியூட்டனின் கதை. 1748 மார்ச் மாதம் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கிய கப்பலில் அவர் கடவுளைக் கூப்பிட்டார். அந்த நாளை ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருந்தார். ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களின் தலைவரானார். மேல்தளத்தில் ஞாயிறு ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். 1754-இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம் உடல்நலக் குறைவு, மனச்சாட்சி அல்ல. 1764-இல் போதகராக அபிஷேகம் பெற்றார். 1788-இல்தான் அடிமை வணிகத்தின் கொடுமைகளைத் தன் கண்ணால் கண்டபடி எழுதி வெளியிட்டு, தானே அதில் ஈடுபட்டவன் என்று வெட்கத்தோடு அறிக்கையிட்டார். புயலுக்கும் அந்த அறிக்கைக்கும் இடையே 40 ஆண்டுகள். 1807 மார்ச்சில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த வணிகத்தைத் தடை செய்தது; அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார்.

அவருடைய 1748 பொய் என்று நான் நினைக்கவில்லை. தேவன் ஒருவனைத் திருப்பிய பிறகும், அவன் வாழும் காலமும் தொழிலும் சமூகமும் மூடிவைத்த பாவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறார். அப்படித் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளாமல் இருக்கிறோமா என்பதுதான் தேதியைவிடப் பெரிய கேள்வி.

கன்வென்ஷன் கூட்டத்தில் எல்லாரும் அழுதார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. என் இருதயம் கடினப்பட்டுவிட்டதா?

அப்படி முடிவு கட்டவேண்டாம். சிலருக்குக் கண்ணீர் எளிதில் வரும், சிலருக்கு வராது. "நீங்கள் உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து, உங்கள் தேவனாகிய கர்த்தரிடத்தில் திரும்புங்கள்" என்று யோவேல் சொன்னார் (2:13). அந்தக் காலத்தில் வஸ்திரத்தைக் கிழிப்பது எல்லாருக்கும் தெரியும்படியான துக்க அடையாளம். நம் காலத்தில் மேடைக்கு முன்னால் வந்து அழுவது அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. உண்மையாக அழுபவர்களைக் குறை சொல்லவில்லை. அழுதவர் வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்று பாருங்கள். அழாத நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் பாருங்கள்.

யூதாஸும் வருத்தப்பட்டான், பேதுருவும் வருத்தப்பட்டான். ஒருவன் அழிந்தான், ஒருவன் பிழைத்தான். ஏன்?

யூதாஸ் செய்ததைக் கவனித்தால் நமக்கு அச்சம் வரவேண்டும். மனஸ்தாபப்பட்டான். "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாயால் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தான் (மத்தேயு 27:3-5). வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் போனது பிரதான ஆசாரியர்களிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள் அவர்கள். அவன் இயேசுவிடம் திரும்பவில்லை. ஆண்டவரை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் கல்லறை காலியாயிருக்கிறது என்று கேட்டவுடன் ஓடினான், கடற்கரையில் ஆண்டவர் நிற்கிறார் என்று அறிந்தவுடன் படவிலிருந்து தண்ணீரில் குதித்தான் (யோவான் 21:7).

குற்ற உணர்வு மனிதனைக் கொல்லக்கூடியது. "லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது" என்று பவுல் எழுதியது அலங்காரப் பேச்சு அல்ல (2 கொரிந்தியர் 7:10). செய்த தவற்றை நினைத்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு வந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, இப்போதே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல.

கிருபையினாலே இரட்சிப்பு என்றால், நடத்தை எப்படி இருந்தால் என்ன?

இந்தக் கேள்வியைப் பவுலிடமே கேட்டிருக்கிறார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்றார் (ரோமர் 6:1-2). கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எபேசியர் 2:8-ஐ மனப்பாடம் சொல்லும் நாம், அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நற்கிரியைகளுக்காக நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று பத்தாம் வசனம் சொல்கிறது. பணக்கார ஆயக்காரனான சகேயுவின் வீட்டில் ஆண்டவர் முதலில் நுழைந்தார். பிறகுதான் சகேயு பணப்பெட்டியைத் திறந்தான். இந்த வரிசை மாறக்கூடாது. ஆனால் இரண்டாவது நடக்கவேயில்லை என்றால் முதலாவது நடந்ததா என்று கேட்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆண்டவர் மன்னித்துவிட்டாரே, ஏமாற்றி வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கவேண்டுமா?

கொடுக்கவேண்டும். நம் பிரசங்கங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் தெளிவாக ஒரு முறையைச் சொல்கிறது. ஒருவன் தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டதை மறுத்திருந்தாலோ, பறித்திருந்தாலோ, கண்டெடுத்ததை இல்லையென்று பொய் சொல்லியிருந்தாலோ, முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனுக்குக் கொடுக்கவேண்டும். அதன் பிறகு குற்றநிவாரண பலி. ஆண்டவரும் மலைப்பிரசங்கத்தில் இதே வரிசையைத்தான் சொன்னார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு, பின்பு வந்து காணிக்கையைச் செலுத்து (மத்தேயு 5:23-24). சகேயு ஐந்தில் ஒரு பங்கோடு நிற்கவில்லை. "என் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான்.

நம் வீடுகளில் இது எங்கே வரும்? சகோதரியின் பங்கில் வரும். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பதுதான் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்படியிருந்தும் "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே" என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, மறுநாள் அந்த வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவள் மனதாரக் கொடுத்தாளா, அண்ணன்களோடு உறவு அறுந்துபோகுமே என்ற பயத்தில் கொடுத்தாளா என்பது அந்த அண்ணன்களுக்குத் தெரியும். வேலையாட்களுக்குப் பாக்கி வைத்த கூலி, லஞ்சமாக வாங்கிய பணம், மறைத்த வரி, திருப்பாத கைமாற்று எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

உரியவர் இறந்துவிட்டால் அவர் வாரிசிடம் கொடுங்கள். வாங்கிக்கொள்ள இனத்தானும் இல்லாவிட்டால், அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் சேரவேண்டும் என்று எண்ணாகமம் 5:8 சொல்கிறது. இன்று அது ஏழைகளுக்குப் போகலாம். ஆனால் உரியவர் உயிரோடு அடுத்த தெருவில் இருக்கும்போது, அவரிடம் போக வெட்கப்பட்டு அந்தப் பணத்தைக் காணிக்கைப் பையில் போடுவது தவறு. ஆண்டவர் அதைக் கேட்கவில்லை. ஒரே தடவையில் கொடுக்க வசதி இல்லையென்றால், எப்போது எவ்வளவு தருவேன் என்று ஒப்புக்கொண்டு தவணையில் கொடுங்கள். சட்டச் சிக்கல் வரும் காரியமென்றால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஆனால் அவரைக் கேட்பது தப்பிக்கும் வழி தேடுவதற்காக இருக்கவேண்டாம்.

வரதட்சணை வாங்கித் திருமணம் செய்தேன். அப்போது தவறாகத் தெரியவில்லை. இப்போது என்ன செய்வது?

உறுத்துகிறதே, அதற்காக ஆண்டவரைத் துதியுங்கள். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவு, பெறப்பட்ட வரதட்சணை மணப்பெண்ணுக்கே உரியது, அதை அவளிடம் ஒப்படைக்கவேண்டும் என்கிறது. உங்கள் முன் இருக்கும் வழி தெளிவானது. மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவள் பெற்றோரிடமும் கேளுங்கள், கடன் வாங்கித் தந்தவர்களாக இருந்தால் அந்தக் கடனை நீங்கள் அடைத்துவிடுங்கள். நகையையும் பணத்தையும் அவள் பெயருக்கு, அவள் முடிவெடுக்கும்படி மாற்றுங்கள். அந்தப் பணத்தில் வாங்கிய மனை உங்கள் பெயரில் இருந்தால் பத்திரத்தை மாற்றி எழுதுங்கள். உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கும்போது "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அதுவும் கேட்பதுதான்.

சாதி பார்ப்பது பாவமா, சமூகப் பழக்கமா?

பாவம். பழக்கம் என்று சொல்லிச் சொல்லியே நாம் மனந்திரும்பாமல் இருந்துவிட்டோம்.

அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து விலகிப் பிரிந்தார். பவுல் இதைப் பண்பாட்டு வேறுபாடு என்று விட்டுவிடவில்லை. எல்லாருக்கும் முன்பாக, முகமுகமாய், நீர் சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி நடக்கவில்லை என்று எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). ஒரே பந்தியிலிருந்து எழுந்துபோனதுதான் குற்றம். அப்போஸ்தலனே ஆனாலும் குற்றம்.

நம் சபைகளிலும் இது பழைய கதை. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையைத் தீர்மானமாக, உடனடியாக, முற்றாக விட்டுவிடவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடச் சம்மதிக்காமல் சபையை விட்டார்கள். தனி வரிசை, தனிப் பாத்திரம், தனிக் கல்லறை என்று நடந்ததெல்லாம் நம் தாத்தா காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் பிரிவு இன்னும் இருக்கிறது. வரன் தேடும் விளம்பரத்தில் "மறுபடியும் பிறந்த" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகிறது. சபைத் தேர்தலில் வாக்கு எப்படிப் பிரிகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

இதில் மனந்திரும்புவது என்றால் "எனக்கு எல்லாரும் சமம்" என்று சொல்வதோடு முடியாது. யார் வீட்டில் சாப்பிட்டீர்கள், யாரை உங்கள் வீட்டுச் சமையலறை வரை அழைத்தீர்கள், மகள் வேறு சாதி விசுவாசியை மணக்க விரும்பினால் என்ன சொல்வீர்கள், உங்கள் சபைக் கமிட்டியில் தலித் குடும்பங்களின் குரல் இருக்கிறதா, சாதியால் அவமானப்பட்டவர் பேசும்போது இடைமறிக்காமல் கேட்கிறீர்களா. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிப் பாருங்கள்.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். என் மனந்திரும்புதல் பொய்யா?

விழுவதற்காகத் துக்கப்படுகிறவனுடைய மனந்திரும்புதலை நான் பொய் என்று சொல்லமாட்டேன். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" (ரோமர் 7:19) என்ற வேதனை உங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. பழங்காலத் திருச்சபை ஆசிரியரான அகுஸ்தீன் தன் இளவயதில் "எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்" என்று ஜெபித்ததாக அவரே எழுதியிருக்கிறார். 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் வரிகள் அவரைத் தொடும்வரை அந்தப் போராட்டம் நீண்டது.

ஆனால் துக்கத்தோடு நிற்காதீர்கள். துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருங்கள் என்று அந்த அதிகாரம் முடிகிறது. அந்த இடத்தை எடுத்துப்போடுங்கள். ஆபாசக் காட்சிகளில் சிக்கியவர் இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கட்டும். நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லி, அவர் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லட்டும். சூதாட்டச் செயலியில் பணம் இழந்தவர் வங்கிக் கணக்கின் கட்டுப்பாட்டைக் கொஞ்ச காலம் மனைவியிடம் கொடுக்கட்டும்.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் ஒரு ஜெபக் கூட்டத்தில் தீர்மானித்து அன்றிரவே சட்டென்று நிறுத்தினால், வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும்; உயிருக்கே ஆபத்தாகலாம். தீர்மானம் நல்லது. நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில் செய்யவேண்டும். மருந்து கொடுப்பதை விசுவாசத்துக்கு எதிரானது என்று சொல்லித் தடுக்கும் ஊழியரின் பேச்சைக் கேட்காதீர்கள். சுவிசேஷத்தை எழுதிய லூக்காவே ஒரு வைத்தியர்.

பாவத்தை யாரிடம் அறிக்கையிடவேண்டும்? தேவனிடம் மட்டுமா?

எல்லாப் பாவமும் தேவனுக்கு விரோதமானது, ஆகவே அவரிடம் கட்டாயம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் அறிக்கையிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்யவேண்டும் என்று 1215-ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. நம் சபைகளில் ஆராதனையின் பொது அறிக்கை உண்டு. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" (யாக்கோபு 5:16) என்ற வசனத்தை மட்டும் நாம் பெரும்பாலும் கைவிட்டுவிட்டோம். தனியாக ஒருவரிடம் பேர் சொல்லிப் பாவத்தைச் சொல்லும்போது அதன் பிடி தளர்வதைப் பலர் அனுபவித்திருக்கிறார்கள்.

பாவம் எத்தனை பேரைத் தொட்டதோ அத்தனை பேருக்கு அறிக்கை போகட்டும். மனதில் மட்டும் பொறாமைப்பட்டிருந்தால் தேவனிடம் சொல்லுங்கள். அந்த நண்பரிடம் போய்ச் சொல்லி அவர் மனதைக் கலக்கவேண்டாம். சபை நடுவே ஒருவரை அவமானப்படுத்தியிருந்தால் சபை நடுவேதான் மன்னிப்பு. மேடைச் சாட்சியில் அடுத்தவரின் மானம் போகும் விவரங்களைச் சொல்லாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக ஒருவர் உங்களிடம் அழுது அறிக்கையிட்டால், ஜெபித்து அனுப்பிவிட முடியாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. சபையின் பெயர் கெடும் என்று மூடிமறைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

என்னை அடித்த கணவர் மனந்திரும்பிவிட்டதாகச் சொல்கிறார். போதகரும் "மன்னித்து வாழம்மா" என்கிறார். நான் திரும்பிப் போகவேண்டுமா?

அம்மா, மன்னிப்பதும் திரும்பிப் போவதும் ஒன்றல்ல. கசப்பை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுவது உங்கள் உள்ளத்தில் நடப்பது, அதற்குக் காலம் எடுக்கும். ஒரே கூரையின்கீழ் மறுபடியும் இருப்பதற்கு அவருடைய நடத்தை மாறியிருக்கவேண்டும். தாவீதைக் கொல்லத் தேடிய சவுல், "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்று கூப்பிட்டான் (1 சாமுவேல் 26:21). தாவீது சவுல்மேல் கை போடவில்லை. ஆனால் அவனோடு திரும்பிப் போகவும் இல்லை. தன் வழியே போனான்.

உண்மையாகத் திரும்பியவர் உங்களை அவசரப்படுத்தமாட்டார். "நீ கோபப்படுத்தினாய், அதனால் அடித்தேன்" என்று சொல்லமாட்டார். அடித்ததை உங்கள் பெற்றோர் முன்னும் போதகர் முன்னும் மழுப்பாமல் ஒப்புக்கொள்வார். குடி காரணமென்றால் சிகிச்சைக்குப் போவார். நீங்கள் தனியாக இருக்கும் காலத்திலும் பிள்ளைகளின் செலவைக் கொடுப்பார். இதெல்லாம் மாதக்கணக்கில் தெரியவேண்டும். அதுவரை பாதுகாப்பான இடத்தில் இருப்பது பாவமல்ல. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடிபட்டவளிடம் மன்னிப்பைக் கேட்குமுன் அடித்தவனிடம் மனந்திரும்புதலின் கனியைக் கேளுங்கள்.

திருவிருந்தில் பங்குபெற எனக்குத் தகுதியில்லை என்று பல மாதங்களாக விலகியிருக்கிறேன்.

"எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" (1 கொரிந்தியர் 11:28). சோதித்தறிந்து, வாருங்கள் என்கிறது வசனம். சோதித்தறிந்து பின்வரிசையில் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. கொரிந்துவில் அபாத்திரமாய், அதாவது தகாதவிதமாய்ப் பங்குபெற்றவர்கள் யார்? தங்கள் உணவை முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்கள். தன் பாவத்துக்காக நொறுங்கியவர்களைப் பற்றிய எச்சரிக்கை அது அல்ல. சரிசெய்யவேண்டிய உறவு இருந்தால் இந்த வாரமே போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள். எதிராளி ஒப்புரவாக மறுத்தால், உங்களால் ஆனதைச் செய்துவிட்டு வாருங்கள்.

எனக்கு வந்த நோய் என் பாவத்துக்குத் தண்டனையா?

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டு, அல்ல என்றார் (லூக்கா 13:4-5). பிறவிக் குருடனைப் பற்றிக் கேட்டபோதும், இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார். புற்றுநோயில் கிடப்பவரின் கட்டிலருகே நின்று "மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்" என்பவர்கள் யோபுவின் சிநேகிதர்களுடைய வேலையைச் செய்கிறார்கள். அந்தச் சிநேகிதர்கள்மேல் கர்த்தருக்குக் கோபம் மூண்டது என்று யோபு 42-இல் வாசிக்கிறோம்.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படுகிற நீங்கள் அதைச் செய்யவில்லை. மாற்கு 3-இல் மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றிய அந்த வார்த்தையைக் கேட்டவர்கள், கண்ணெதிரே நடந்த தேவ செயலைப் பிசாசின் வேலை என்று துணிந்து சொன்ன வேதபாரகர்கள். அவர்களுக்குப் பயமே இல்லை.

லெந்து நாட்களில் மாமிசத்தை விடுகிறோம். போதுமா?

நல்ல ஒழுக்கம், விடுங்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளைத் தவிர்த்து 40 நாட்கள். ஏசாயா 58-ஐ அந்த நாட்களில் வீட்டில் சத்தமாக வாசியுங்கள். அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்க்கிறதும், பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறதும் எனக்கு உகந்த உபவாசம் என்கிறார் கர்த்தர். மீன் மட்டன் வாங்காமல் மிச்சப்படுத்திய பணம் ஈஸ்டர் விருந்துக்குச் சேமிப்பாகிவிடக்கூடாது.

கடைசி நேரத்தில் மனந்திரும்பினால் ஏற்றுக்கொள்வாரா?

ஏற்றுக்கொள்வார். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் திருப்பிக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை, கையே ஆணியில் இருந்தது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. மரணப் படுக்கையில் இருக்கும் உங்கள் தகப்பனிடம் தயங்காமல் இதைச் சொல்லுங்கள். உங்களுக்கு இன்னும் நடமாடக் கால் இருக்கிறது என்றால் கள்ளனை உதாரணம் காட்டி ஒத்திப்போடாதீர்கள்.

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் பெற்றோருக்கு மரியாதை குறையாதா?

குறையாது. பிள்ளைகள் மனமுடைந்து போகும்படி அவர்களைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்குப் பவுல் எழுதினார் (கொலோசெயர் 3:21). பரீட்சை மார்க்குக்காக அடித்தது, மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசியது, செய்யாத தவற்றுக்குத் திட்டியது - இவற்றுக்கு மன்னிப்புக் கேட்கக் குடும்ப ஜெபம்வரை காத்திருக்கவேண்டாம். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா நேற்று உன்னை அடித்தது தப்பு, என்னை மன்னிச்சிரு" என்று சொல்லுங்கள். "ஆனா நீயும்..." என்று தொடர்ந்து எதுவும் சேர்க்காதீர்கள். பிள்ளை உடனே பதில் சொல்லாமல் போனாலும் விட்டுவிடுங்கள். மறுபடி மார்க் ஷீட் வரும் நாளில் கையை ஓங்காமல் இருங்கள்.